டிரங்குப் பெட்டியை விட்டுக் கிளம்பிய ஃபைல்

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் ஒரு பிள்ளை கல்லூரிக்குப் போகிறது என்றால், அந்த வீட்டில் ஒரு ஃபைல் பிறக்கும். பட்டன் வைத்த பிளாஸ்டிக் ஃபைல். பத்தாவது, பன்னிரண்டாவது மதிப்பெண் பட்டியல், டிசி, சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, ஆதார் நகல், பாஸ்போர்ட் சைஸ் படம் எட்டு. பட்டினவர் வீடாக இருந்தால், சாதிச் சான்று மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ள 'மீனவர்' என்ற பிரிவைச் சொல்லும். வீட்டில் இதற்கு முன் யாரும் பட்டம் வாங்கியிருக்காவிட்டால் முதல் பட்டதாரிச் சான்றும் சேரும். தொழிற்கல்விக் கட்டணத்தில் சலுகை தருவதற்காக 2010 வாக்கில் புழக்கத்துக்கு வந்த காகிதம் அது. ஏரிக்கரைக் குடும்பங்களில் இன்றும் அதற்குத் தேவை குறையவில்லை.

பிறந்த ஃபைல் டிரங்குப் பெட்டிக்குள் போகும். பட்டுப் புடவைக்கு அடியில், நகைச் சீட்டுக்கு மேலே. வீட்டில் நனையக் கூடாத பொருள்களுக்கு அதுதான் இடம். வங்காள விரிகுடாவுக்கும் ஏரிக்கும் நடுவே குடியிருப்பவர்களுக்கு, எது நனையலாம், எது நனையக் கூடாது என்பது தினசரிக் கணக்கு.

அந்தக் காலத்து ஃபைல் நிறைய அலைந்தது. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஜெராக்ஸ், ஒவ்வொரு ஜெராக்ஸுக்கும் கெஜட்டட் ஆபீசரின் பச்சை மைக் கையெழுத்து. குப்பத்துப் பையனுக்கு கெஜட்டட் ஆபீசர் யாரைத் தெரியும்? பொன்னேரி வரை பஸ் ஏறிப் போய், அரசு மருத்துவமனை வாசலிலோ பள்ளித் தலைமையாசிரியர் அறை வாசலிலோ காத்திருந்து, "சார், ஒரு அட்டெஸ்டேஷன்" என்று கெஞ்ச வேண்டும். அப்பா ஏரிக்குப் போகாத நாளாகப் பார்த்துத் துணைக்குக் கூட்டிப் போவதும் உண்டு. அசலைக் கையில் வைத்திருப்பவனின் வார்த்தை செல்லாது, அவனை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கும் அதிகாரியின் கையெழுத்து செல்லும் என்ற இந்த ஏற்பாட்டை எத்தனை தலைமுறை பொறுத்துக்கொண்டது என்பது ஆச்சரியமே. 2013-ல் மத்திய அரசின் நிர்வாகச் சீர்திருத்தத் துறை, சுயசான்றே போதும் என்ற முறைக்கு மாறும்படி அமைச்சகங்களையும் மாநிலங்களையும் கேட்டுக்கொண்டது. பச்சை மை மெல்ல மெல்ல வற்றியது.

அடுத்தது சிறைவாசம். கல்லூரியில் சேர்ந்த அன்று அசல் சான்றிதழ்களை வாங்கி அலமாரியில் பூட்டிவிடுவார்கள். நடுவில் படிப்பை விட்டுப் போனாலும், வேறு கல்லூரிக்கு மாற நினைத்தாலும் அவ்வளவு எளிதில் கைக்கு வராது. பாக்கிக் கட்டணத்துக்கு ஈடாகச் சான்றிதழைப் பிடித்து வைக்கும் பழக்கம் இதிலிருந்து வளர்ந்தது. அசல்களைப் பார்த்துச் சரிபார்த்தபின் மாணவரிடமே திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் அறிவிக்கை வெளியிட்டது. அறிவிக்கை இருப்பது தெரிந்த மாணவர்தான் கேட்பார். தெரியாதவருடைய ஃபைல் அலமாரியிலேயே கிடக்கும்.

இவற்றுக்கு நடுவே தண்ணீரும் வந்தது. 2004 சுனாமி இந்தக் கரையையும் தொட்டது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர், கடலூர் மாவட்டங்களில் வீட்டுக்குள் புகுந்த நீர் முதலில் தேடிப் பிடித்தது தரைமட்டத்தில் இருந்த பெட்டிகளைத்தான். மதிப்பெண் பட்டியலும் பட்டாவும் கூழாகிப் போன குடும்பங்களுக்காக அரசு சிறப்பு முகாம்கள் போட்டு, கட்டணமில்லாமல் நகல்கள் தர வேண்டியதாயிற்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மறுபடியும் இந்தப் பக்கத்துத் தாழ்ந்த ஊர்களை முழங்கால் தண்ணீரில் நிறுத்தியது. ஆரணியாறு வந்து கலக்கும் ஏரி இது. முகத்துவாரம் மணலால் தூர்ந்து கிடந்தால் உள்ளே வரும் வெள்ளம் வடியச் சுணங்கும். பெட்டியை எவ்வளவு உயரத்தில் வைத்தாலும் அடுத்த மழைக்கு அது போதுமா என்பது யாருக்கும் நிச்சயமில்லை.

இதில் ஒரு முரண் உண்டு. 2015 வெள்ளத்துக்குச் சரியாக ஐந்து மாதம் முன்பு, ஜூலை 1 அன்று, டிஜிட்டல் இந்தியா வாரத் தொடக்கத்தில் டிஜிலாக்கர் என்ற சேவை நாட்டுக்கு அறிமுகமாகியிருந்தது. டிசம்பரில் நனைந்த பட்டியல்களின் சொந்தக்காரர்களில் பெரும்பாலோருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. சட்டத்தின் பலமும் பிறகுதான் வந்தது. டிஜிட்டல் லாக்கர் பற்றிய விதிகள் 2016-ல் வந்தன. வழங்கும் அலுவலகமே நேராக லாக்கருக்கு அனுப்பிய ஆவணம் காகித அசலுக்குச் சமம் என்ற விதி 2017 பிப்ரவரியில் சேர்ந்தது. கல்விச் சான்றுகளுக்கென்று தேசியக் கல்வி ஆவணக் களஞ்சியம் அமைக்க 2016 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அதுவும் பின்னர் டிஜிலாக்கருக்குள் குடியேறியது. 2021 ஜூலையில் கிரெடிட் வங்கி வந்தது. ஒரு கல்லூரியில் சேர்த்த கிரெடிட்டை இன்னொன்றுக்கு எடுத்துப் போகலாம் என்பது ஏற்பாடு. அடுத்து வந்தது அபார் என்ற 12 இலக்க மாணவர் எண். இப்படியாக ஃபைல் டிரங்குப் பெட்டியை விட்டுக் கிளம்பி மேகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

மேகத்துக்கு ஏறும் படி எங்கே வழுக்கும் என்பதை பிரவுசிங் சென்டர் வாசலில் கால் மணி நேரம் நின்றால் பார்க்கலாம்.

"ஓடிபி வந்துச்சாம்மா?"

"அப்பா போன்லதான்ணா வரும். அவரு ஏரிக்குப் போயிருக்காரு."

ஆதாரோடு இணைத்த எண் அப்பாவுடையது. போன் பாலிதீன் கவரில் சுற்றப்பட்டு ஏரிக்கு நடுவே படகில் கிடக்கிறது. ஓடிபியின் ஆயுள் சில நிமிடம். அப்பா கரையேறி மீனைப் பிரித்து ஏலம் முடித்து வருவதற்குள் அது பத்துத் தடவை செத்துப் பிறக்கும். அடுத்த வழுக்கல் இனிஷியல். தமிழர் பெயர் வைக்கும் முறை இந்திய மென்பொருள்களுக்கு இன்றுவரை பிடிபடவில்லை. ஆதாரில் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர் முழுதாக இருக்கும், மதிப்பெண் பட்டியலில் முன்னால் ஓர் எழுத்து மட்டும் நிற்கும். இரண்டும் பொருந்தவில்லை என்று திரை சொல்லும். தன் பட்டியல் தன்னுடையதுதான் என்று நிரூபிக்க அந்தப் பெண் மறுபடி ஒரு சான்று வாங்க வேண்டும், அதற்கு மறுபடி ஓர் ஓடிபி.

இவையெல்லாம் கூடச் சரியாகிவிடும் என்று வைத்துக்கொள்வோம். பல வீடுகளில் சரியாகியும் வருகிறது. என் கேள்வி வேறு. மேகத்துக்குப் போன ஃபைலுக்குள் என்ன இருக்கிறது?

எண்ணிப் பாருங்கள். எந்தச் சாதி, எவ்வளவு வருமானம், எந்த ஊர், எத்தனை மதிப்பெண். 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் பயிற்சி முடித்திருந்தால் அதற்கொரு சான்றிதழ். அத்தனையும் அந்த மாணவரைப் பற்றி இன்னொருவர் சொன்னது. தாசில்தார் சொன்னார், தேர்வுத் துறை சொன்னது, பயிற்சி நிறுவனம் சொன்னது. மாணவர் தானே செய்தது, தானே கண்டது, தானே எழுதியது ஒரு வரி கூட அதில் இல்லை.

ஃபைலுக்கு ஒரு தம்பி உண்டு, அவனை யாரும் டிரங்குப் பெட்டியில் வைப்பதில்லை. அவன் பெயர் ரெக்கார்டு நோட்டு. விலங்கியல் படிக்கிறவரானாலும் மீன்வளம் படிக்கிறவரானாலும் மூன்று, நான்கு வருடத்தில் கட்டுக் கட்டாக எழுதித் தள்ளுவது அதைத்தான். இந்த மாவட்டத்துக்கு அதில் தனி வாய்ப்பே இருக்கிறது. தமிழ்நாடு மீன்வளப் பல்கலைக்கழகம் 2012-ல் தொடங்கியது. அதன் கல்லூரி ஒன்று, ஏரிக்குப் பக்கத்தில், பொன்னேரியிலேயே இருக்கிறது. இளநிலை மீன்வள அறிவியல் நான்கு வருடப் படிப்பு. கடைசி வருடத்தில், 2015-ல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் கொண்டுவந்த 'ஸ்டூடன்ட் ரெடி' திட்டத்தின்படி மாணவர்கள் மீனவ ஊர்களுக்குப் போய்த் தங்கிக் கற்க வேண்டும். வலை, படகு, சந்தை, கூட்டுறவுச் சங்கம் எல்லாவற்றையும் பார்த்து, விசாரித்து, வரைந்து, எழுதித் தர வேண்டும். எழுதுகிறார்கள். வெளித்தேர்வாளர் புரட்டிப் பார்க்கிறார், கையெழுத்துப் போடுகிறார், மதிப்பெண் விழுகிறது. மதிப்பெண் மட்டும் ஃபைலுக்குள் போய்ச் சேர்கிறது. நோட்டு துறை அலமாரியில் சில காலம் கிடந்து, பழைய பேப்பர் கடைத் தராசில் ஏறுகிறது.

தன் ஏரியைப் பற்றி ஒரு பட்டதாரி வாழ்நாளில் எழுதிய மிகச் சிறந்த இருநூறு பக்கம் அதுவாகவே இருக்கலாம். கிலோவுக்குப் பத்தோ பன்னிரண்டோ ரூபாய்.

இந்தத் தம்பிக்கு உலகில் வேறு இடங்களில் ஒரு வீடு கட்டியிருக்கிறார்கள். அதன் பெயர் இ-போர்ட்ஃபோலியோ. எண்ணம் பழையது. ஓவியர்களும் கட்டடக் கலைஞர்களும் வேலை கேட்டுப் போகும்போது மதிப்பெண் பட்டியலோடு தாங்கள் வரைந்த தாள்களையும் தோளில் மாட்டிக்கொண்டு போவார்கள். சென்னை எழும்பூரில் 1850 முதல் இயங்கும் ஓவியக் கல்லூரியில் படித்தவரிடம் 'உன் வேலையைக் காட்டு' என்றால் அவர் கூச்சப்பட மாட்டார். கப்பல் வேலைக்குப் போகும் கேடட்டுகளுக்கும் இது புதிதல்ல. கப்பலில் செய்த ஒவ்வொரு வேலையும் பயிற்சிப் பதிவேட்டில் ஏறி மேலதிகாரியின் ஒப்பத்தோடு கரைக்கு வரும். மற்றப் படிப்புகளுக்கு இந்தப் பழக்கம் இணையத்தோடு வந்தது. 2006-ல் நியூசிலாந்துப் பல்கலைக்கழகங்கள் சில சேர்ந்து 'மஹாரா' என்றொரு கட்டற்ற மென்பொருளைத் தொடங்கின. மாணவர் அதில் தன் கட்டுரை, படம், ஒலிப்பதிவு, அளவெடுப்பு எல்லாவற்றையும் போட்டு வைக்கலாம். அவற்றிலிருந்து வேண்டியதை எடுத்து ஒரு பக்கமாக அடுக்கலாம். அந்தப் பக்கத்தை ஆசிரியருக்கு மட்டும் காட்டலாம், வேலை தருபவருக்கு மட்டும் காட்டலாம், ஊருக்கே திறந்தும் விடலாம். நம் கல்லூரிகள் பல ஏற்கெனவே பயன்படுத்தும் மூடுல் என்ற கற்றல் மென்பொருளோடு அது சேர்ந்து ஓடும்.

டிஜிலாக்கரிலேயே போட்டு வைத்தால் என்ன என்று கேட்கலாம். அங்கே மாணவர் தானாக ஏற்றும் கோப்புகளுக்கும் இடம் உண்டு, மொத்தம் 1 ஜிபி, ஒரு கோப்பு 10 எம்பிக்கு மேல் போகக் கூடாது. வலை பின்னும் கைகளைப் படம் பிடித்த இரண்டு நிமிட வீடியோவுக்கே அது பற்றாது. தவிர, அலுவலகம் அனுப்பிய ஆவணத்துக்கு உள்ள சட்ட மதிப்பு அதற்கு இல்லை. லாக்கர் பூட்டி வைக்கப் பிறந்தது. போர்ட்ஃபோலியோ காட்டுவதற்கு.

பழவேற்காட்டில் இதற்கு என்ன பொருள் என்று பார்ப்போம். கோட்டைக்குப்பத்திலோ ஆண்டிக்குப்பத்திலோ இருந்து ஒரு பெண் விலங்கியல் படிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதம் ஒருமுறை முகத்துவாரத்தின் அருகிலும் ஏரியின் உட்புறத்திலும் தண்ணீர் எடுத்து, கல்லூரி ஆய்வகத்தில் உப்பின் அளவைப் பார்க்கிறார். வடகிழக்குப் பருவமழையில் உப்பு இறங்குகிறது, கோடையில் ஏறுகிறது, முகத்துவாரம் அடைத்துக்கொண்ட மாதங்களில் இரண்டு இடத்துக்கும் உள்ள வித்தியாசம் தாறுமாறாகிறது. அந்த வரைபடத்துக்குக் கீழே, கழுத்தில் பனையோலைப் பறியைக் கட்டிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் கையால் துழாவி இறால் பிடித்த ஆயாவின் குரல்: எந்த மாதத்தில் எந்த இறால், சேற்றின் எந்த நிறத்தில் எது கிடைக்கும். அதற்குக் கீழே ஏலத்தில் பச்சை நண்டு போன விலை, ஆறு மாதக் கணக்கு. கடைசியாக, அவரே எழுதிய ஒரு பத்தி: முதலில் என்ன நினைத்தேன், அளந்து பார்த்தபோது என்ன மாறியது, அடுத்த முறை எதை வேறு மாதிரி செய்வேன்.

அந்தக் கடைசிப் பத்தி இல்லாவிட்டால் மற்றவை வெறும் ஆல்பம். நம் மாணவர்களுக்குக் கைவராத பத்தியும் அதுதான். 'செய்முறையில் பிழை நேர்ந்தது' என்று ரெக்கார்டில் எழுதினால் மதிப்பெண் போகும் என்றுதான் பள்ளியிலிருந்தே பழக்கியிருக்கிறோம். போன வருட நோட்டைப் பார்த்து வந்த விடையை எழுதிவிட்டுப் போவது பாதுகாப்பு. இ-போர்ட்ஃபோலியோ தேறாமல் போனால் அதற்குக் காரணம் இணைய வேகமாக இருக்காது, இந்தப் பழக்கமாகத்தான் இருக்கும்.

இதை யார் பார்ப்பார்கள்? உவர்நீர் மீன்வளர்ப்புக்கான மத்திய நிறுவனம் 1987 முதல் சென்னையிலேயே இருக்கிறது. கடல்மீன் ஆராய்ச்சி நிலையம், கடல்பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம், சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் என்று களம் தெரிந்த ஆட்களைத் தேடும் இடங்கள் இருக்கின்றன. எழுபத்திரண்டு சதவீதம் என்ற எண்ணை வைத்து அவர்களால் ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. ஆறு மாத உப்புக் கணக்கை வைத்து முடியும்.

இந்த ஊரைப் பற்றிய காகிதம் உலகில் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். எந்தத் துணி எவ்வளவு வாங்கினோம், எந்தக் கப்பலில் என்ன போயிற்று என்று எழுதி எழுதியே காலம் தள்ளியது அவர்கள் கம்பெனி. அந்தக் கம்பெனியின் ஆவணங்களை 2003-ல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. சென்னை ஆவணக் காப்பகத்தில் உள்ள டச்சு ஆவணங்களும் அதில் அடக்கம். ஏரியில் மீன்பிடி இடங்களைப் பகிரும் 'பாடு' முறையைப் பற்றியும் ஆய்வுகள் உண்டு. சாரா கூல்ட்ஹார்ட் என்ற ஆய்வாளர், சூழல் மாற்றத்தை இந்த ஏரியின் மீனவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று 2008-ல் ஓர் உலக ஆய்விதழில் எழுதினார். எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டலாம் என்பதைச் சீட்டுக் குலுக்கி முறை வைத்துப் பகிரும் பாடு, பொதுச் சொத்தை ஆளும் முறைக்கு உதாரணமாக வகுப்பறைகளில் பேசப்படுகிறது. எழுதியவர்கள் நன்றாகவே எழுதினார்கள். ஆனால் அந்த ஏட்டிலும் இந்த ஆய்விலும் எழுதும் கை வெளியூர்க் கை. பாட்டில் பெயருள்ள தலைக்கட்டின் மகளோ, பாட்டில் இடமே கிடைக்காத இருளர் வீட்டுப் பையனோ தன் கையால் எழுதியது கணக்கில் வரவில்லை. பாடு எல்லாருக்குமான நீதி அல்ல. அதில் பெண்களின் பெயர் இல்லை, பல சமூகங்களுக்குப் பங்கு இல்லை. அதை அந்தப் பையன் எழுதினால் வேறு மாதிரித்தான் எழுதுவான்.

எழுதுவதில் எச்சரிக்கையும் வேண்டும். நண்டு எங்கே வளை வைக்கிறது என்பது ஊரின் முதலீடு. அதைப் படத்தோடும் இடக்குறியோடும் உலகத்துக்குத் திறந்துவிட்டால் அடுத்த சீசனில் அங்கே யார் இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. கைபேசிப் படங்கள் பலவற்றில் எடுத்த இடம் கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கும். ஏற்றும் முன் அதை நீக்கிவிட வேண்டும். ஆயாவின் குரலைப் போடுவதற்கு ஆயாவிடம் கேட்க வேண்டும். "எதுக்கும்மா இது?" என்று அவர் கேட்டால் புரியும்படி பதில் சொல்லவும் வேண்டும். யார் பார்க்கலாம் என்று பக்கத்துக்குப் பக்கம் தீர்மானிக்கும் வசதி இதற்காகத்தான் இருக்கிறது.

பெண்பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது, ஆண்பிள்ளைகளுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி என்று 2025 பட்ஜெட்டிலும் அறிவித்தார்கள். கருவி வந்துகொண்டிருக்கிறது. கல்லூரி முதல்வர்களிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ரெக்கார்டு நோட்டுக்கு வைத்திருக்கும் மதிப்பெண்ணில் ஒரு பங்கை மின்வடிவத் தொகுப்புக்கு ஒதுக்குங்கள், அதில் தவறை ஒப்புக்கொண்டு எழுதும் பத்திக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள். பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை, அகமதிப்பீடு கல்லூரியின் கையில்தானே இருக்கிறது.

மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. கல்லூரி தந்த மின்னஞ்சல் கணக்கில் இதையெல்லாம் சேர்த்து வைக்காதீர்கள். கூகுள், கல்வி நிறுவனங்களுக்கு அளவில்லாமல் தந்துவந்த சேமிப்பு இடத்துக்கு 2022-ல் வரம்பு வைத்தது. இடம் போதாவிட்டால் கல்லூரிகள் முதலில் கைவைப்பது படித்து முடித்தவர்களின் கணக்குகளில்தான். சொந்தக் கணக்கு ஒன்றைத் தொடங்குங்கள், அதில் உங்கள் கைபேசி எண்ணைக் கொடுங்கள், இன்னொரு பிரதியை பென் டிரைவில் வையுங்கள். வெளித்தேர்வாளர் கையெழுத்துப் போட்டுத் தந்த அன்றே ரெக்கார்டு நோட்டைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து ஏற்றிவிடுங்கள். பிறகு நோட்டை எடைக்குப் போட்டாலும் பரவாயில்லை.